சைனஸ் என்று சொன்ன நாட்கள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். சாயங்காலம் நாலு தூறல், அதோடு சரி.

மன்னிக்கணும் டாக்டர். பத்து மணிக்குள் விளக்கை அணைக்கச் சொல்லி இன்னும் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது 11.40. பாத்திரம் முடிந்து, மகிழின் யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு, இப்போதுதான் உட்கார்ந்தேன்.

நோட்டு டாக்டர் சொல்லி வாங்கியது. படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண் சொருகிய நேரம் எல்லாம் குறிக்க வேண்டுமாம். அவருக்கு வேறு தாளில் சுத்தமாக எழுதிக் கொடுத்துவிடலாம். இது எனக்கு. அட்டையில் 'பத்தாம் வகுப்பு, கணக்கு' என்று எழுதி டியூஷன் நோட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டால் இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

நேற்று: படுத்தது 12.05. எழுந்தது 1.20 (தாகம்), 2.45 (மூச்சு முட்டி), 4.00 (பாத்ரூம்). அலாரம் 5.15.
பகலில்: குக்கர் முன்னால் நின்றபடியே ஒரு தடவை. டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலியில் ஒரு தடவை. விழித்தபோது பக்கத்து நாற்காலி அம்மா என் கைப்பையைத் தன் மடியில் வைத்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார். குறட்டை உண்டா, உண்டு. காலையில் தலைவலி, உண்டு. தைராய்டு, உண்டு. பிரசவத்துக்குப் பிறகு எடை, ஏறி அங்கேயே நிற்கிறது. "வண்டி ஓட்டுவீங்களா?" ஓட்டுவேன். "ஓட்டும்போது கண் சொருகியிருக்கா?"

அவரிடம்தான் முதல் முதலாகச் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

போன வியாழன் காலை. மகிழை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறேன். நாலரை வயது, ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வருவாள். மந்தைவெளியிலிருந்து கிளம்பியது நினைவிருக்கிறது. அடையாறு பாலத்தில் ஏறியது நினைவிருக்கிறது. இறங்கியது நினைவில்லை. அடுத்து நினைவிருப்பது சத்தம். மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரத்தில் வண்டி மோதிச் சாய்ந்து கிடக்கிறது. மகிழ் அடியில். முகவாயிலும் முழங்காலிலும் சிராய்ப்பு, ரத்தம். வண்டி மெதுவாகப் போயிருக்கிறது. அவ்வளவுதான். வேறு ஒரு காரணமும் இல்லை அவள் பிழைத்ததற்கு.

ஒரு ஆட்டோக்காரர் ஓடிவந்து தூக்கினார். "இன்னாமா, தூங்கிக்கினே ஓட்டினு வர்ற? கொயந்த கீதுல்ல முன்னாடி?"

வீட்டில் சொன்னது: மணல். மெட்ரோக்காரன் கொட்டிய மணலில் சறுக்கிவிட்டது. கணவர் செந்தில் அரை மணி நேரம் மெட்ரோவைத் திட்டினார். அத்தை (செந்திலின் அம்மா) மிளகாயும் உப்பும் எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் சுற்றிப் போட்டார்.

டாக்டர் சொன்னது: "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. தூக்கத்துல உங்க மூச்சு நின்னு நின்னு வருதுன்னு நினைக்கிறேன். ஒரு ராத்திரி தங்கி டெஸ்ட் எடுக்கணும். அதுவரைக்கும் வண்டி வேணாம். அடுத்த தடவை ஹஸ்பண்டைக் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் வந்து சொன்னது: சைனஸ்.


ஜூலை 16, புதன்

காற்று ஆரம்பித்துவிட்டது. மாடியில் போட்ட என் நைட்டி எதிர் வீட்டு பால்கனியில்.

படுத்தது 11.30. எழுந்தது நாலு தடவை. நேரம் பார்க்கவில்லை.

ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று செந்திலிடம் சொல்லியிருக்கிறேன். பொய் எண் மூன்று. மகிழும் நானும் ஆட்டோவில்.

டியூஷன்: இருபடிச் சமன்பாடு எழுதும்போதே போய்விட்டேன். சாக்பீஸ் கோடு போர்டின் அடிவரை இறங்கியிருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. "மிஸ், x கீழ விழுந்துடுச்சு மிஸ்."

சைனஸ் என்று ஏன் சொன்னேன்? யோசித்துப் பார்த்தேன். என் குறட்டை இந்த வீட்டில் பழைய வேடிக்கை. இரண்டு வருஷம் முன்னால் செந்தில் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். "காலைல ஏழு மணிக்குக் கடை திறக்கணும் அபி, தப்பா நினைக்காத." நினைக்கவில்லை. அத்தை மட்டும் சிரிக்கமாட்டார். "ஆம்பள விட்டா அசதி. பொம்பள கொறட்ட விட்டா வீட்ல லெச்சுமி தங்கமாட்டான்னு எங்க ஊர்ல சொல்லுவாவ." சைனஸ் என்றால் மூக்கு. மூக்குக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. செந்திலின் அக்கா தூத்துக்குடியிலிருந்து போன மாதம் போன் செய்தார். "பிள்ளைய இங்க விட்டுரு அபி. நம்ம வீட்டுப் பக்கத்துலயே ஸ்கூல். நீ நல்லா ரெஸ்ட் எடு. ரெண்டு வருசம் போவட்டும்." அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொன்னால் சண்டை போடலாம். செந்தில் அப்போது, "பாப்போம்க்கா" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியில் நான் தூங்கினேன் என்று தெரிந்தால், பார்ப்பதற்கு அப்புறம் என்ன இருக்கிறது?

விழுந்த அன்று ராத்திரி சாப்பிடும்போது மகிழ் சொல்லத்தான் செய்தாள். "அம்மா தூங்கிட்டா. நான் அம்மா அம்மான்னு கூப்ட்டேன்." அத்தைக்குச் சிரிப்பு. "வண்டி ஓட்டிக்கிட்டே யாராவது தூங்குவாவளாட்டி?" செந்திலும் சிரித்தார். நான், "மகிழ், இல்லாததைச் சொல்லக் கூடாது. மணல்லதான் விழுந்தோம்" என்றேன்.

குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயிர் சாதத்தை முழுங்காமல்.


ஜூலை 19, சனி

நேற்று டெஸ்ட். தி.நகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடி. கீழே ஆடித் தள்ளுபடி மைக் சத்தம், மேலே தூங்க வேண்டும்.

அத்தைக்கு மனசில்லை. "ஆடி மொத வெள்ளி. வெளக்கேத்துற நேரத்துல வெளிய தங்கப் போறேங்கியே. மூக்க ராத்திரிலதான் பாப்பாவளா?" ஏசியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பார்கள் என்று ஏதோ உளறினேன்.

ஒயர் ஒட்டியவர் வேலு. ஐம்பது வயதிருக்கும். என் தலையைப் பார்த்தார். "மல்லிப்பூவ எடுத்து அந்த நாற்காலில வெச்சிருங்க மேடம். அது மேல ஒயர் ஒட்டினா வாசனதான் வரும், ரீடிங் வராது."

ஒட்டியவை: தலையில் பசை வைத்து நிறைய. கண் ஓரம் இரண்டு. முகவாயில். நெஞ்சில். காலில். மார்புக்கும் வயிற்றுக்கும் பெல்ட். மூக்கில் குழாய். விரலில் சிவப்பு விளக்கு. மகிழ் பார்த்திருந்தால் கத்தியிருப்பாள்.

"இத்தோட எப்படிங்க தூங்கறது?"

"அல்லாரும் இதான் கேக்கறாங்க. அஞ்சு நிமிசத்துல குர்ருன்னு போய்டறாங்க. பாத்ரூம் வந்தா கைய ஆட்டுங்க. கேமரால பாத்துக்கினே இருப்பேன்."

"ராத்திரி பூராவா?"

"அதான மேடம் வேல. பதினேழு வருசமா ஊர் தூங்கறதப் பாத்துக்கினு கீறேன். என் சம்சாரம் தூங்கி நான் பாத்ததில்ல."

விளக்கை அணைத்துவிட்டுப் போனார். மகிழ் பிறந்ததிலிருந்து, யாரோ விழித்திருக்க நான் தூங்கியது இதுதான் முதல் தடவை. அந்த நினைப்பிலேயே கொஞ்சம் அழுகை வந்தது. கேமராவில் தெரிந்திருக்கும். தெரியட்டும்.

காலையில் ஐந்து மணிக்கு எழுப்பினார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரிப்போர்ட்ட டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்லக் கூடாது." ஒயரைப் பிரித்துக்கொண்டே, "வீட்ல உங்க பக்கத்துல யாரு மேடம் படுப்பாங்க?" என்றார்.

"பொண்ணு. நாலரை வயசு."

என் விரலிலிருந்த சிவப்பு விளக்கைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் இருந்த மல்லிப்பூவை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். மூன்று தண்ணீர். பசை இன்னும் போகவில்லை.


ஜூலை 23, புதன்

ரிப்போர்ட்.

ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு நிற்கிறதாம், அல்லது குறைந்துபோகிறதாம். அதிகபட்சம் ஐம்பத்து நாலு செகண்ட். தாடை சின்னது, தொண்டை வழி குறுகல், அதோடு எடை. ஒவ்வொரு தடவையும் மூளை தட்டி எழுப்புகிறது, எனக்கு நினைவிருப்பதில்லை. "ராத்திரி முழுக்க யாரோ உங்களை உலுக்கிட்டே இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. பகல்ல எப்படி இருப்பீங்க?"

மெஷின் வைக்க வேண்டும். மாஸ்க் மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை அழுத்தமாக ஊதி வழி அடைக்காமல் பார்த்துக்கொள்ளும். தினமும். எத்தனை நாளைக்கு? "எடை குறையட்டும், மறுபடி டெஸ்ட் பண்ணிப் பாப்போம்." அதாவது இப்போதைக்கு முடிவில்லை.

"ஹஸ்பண்ட் வரலையா?"

"ஆடி சீசன் டாக்டர். பாத்திரக் கடை."

"அவருக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோ சிக்னலில் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்றில் விட்டுவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா மேடம், வாந்தி கீந்தி வருதா? ஓரம் கட்டவா?"

மகிழ் ஒரு தடவை சொன்னது இப்போதுதான் புரிகிறது. "அம்மா, நீ ராத்திரி கர்ர்னு சொல்லிட்டே இருந்தியா, அப்புறம் சொல்லவே இல்ல. நான் உன்னைத் தட்டினேன். அப்புறம் சொன்ன." நான் சிரித்தேன் அன்றைக்கு. எத்தனை ராத்திரி தட்டியிருக்கிறாள்?

வாங்க வேண்டியது: டிஸ்டில்ட் வாட்டர் (மெஷின் டாங்குக்கு, மருந்துக் கடையில் கேட்க), மகிழுக்குக் க்ரேயான், தயிர் பாக்கெட், வசம்பு (அத்தை).


ஜூலை 25, வெள்ளி

மெஷின் வந்தது. வேலுவே கொண்டுவந்தார். பெரிய டிபன் பாக்ஸ் அளவு. நீளக் குழாய். பக்கத்தில் தண்ணீர் டாங்கு, ஊதும் காற்று வறண்டுபோகாமல் இருக்க. அத்தை ஹாலில் உட்கார்ந்திருந்தார், அதனால் வேலு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கிசுகிசுத்தேன்: "சைனஸ்னு சொல்லியிருக்கேன்." அவர் கண்ணைச் சுருக்கினார். பிறகு, "செரி மேடம். மூக்கு மெஷின்" என்றார்.

மாஸ்க் மாட்டிப் பார்த்தால் இடது பக்கம் உஸ்ஸென்று காற்று கசிகிறது. மூன்று சைஸ் மாற்றினோம். கடைசியில் விரலால் தொட்டுக் காட்டினார். "மூக்குத்தி மேடம். அது தூக்கிக்கினு கீது. கழட்டணும்."

கல்யாணத்தன்று அத்தை கையால் போட்டது. ஏழு வருஷமாகக் கழற்றியதே இல்லை. திருகு இறுகிப்போய், எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம். கழற்றியதும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம. வெறும் மூக்கோட."

"காலைல மாட்டிக்கறேன் அத்தை. ராத்திரி மட்டும்தான்."

"எனக்கென்ன. ஒன் மூக்கு."

ராத்திரி: மாட்டியது 11.00. கழற்றி எறிந்தது 11.25. மறுபடி 12. மறுபடி எறிந்தது 2. ஓடும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு விடுவது போல இருக்கிறது. வாயைத் திறந்தால் வாய் வழியே காற்று. மகிழ் எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, பெட்ரோல் போடறியா?"


ஜூலை 28, திங்கள்

25: இரண்டரை மணி நேரம். 26: இரண்டு. 27: மூன்று. மெஷினே கணக்கு வைத்துக்கொள்கிறது, ஏமாற்ற முடியாது.

கன்னத்தில் மாஸ்க் வார் அச்சு காலை பத்து மணி வரை போவதில்லை. காய்கறிக்காரம்மா கேட்டது: "வூட்ல அடிச்சிட்டாரா?" இல்லை என்று சொன்னதை நம்பவில்லை. கொத்தமல்லி கூடக் கொஞ்சம் போட்டார்.

மூக்குத்தி துவாரம் இரண்டு காலை மாட்டாமல் விட்டதற்கே அடைக்கப் பார்க்கிறது. மாட்டும்போது ரத்தம்.

வேலுவுக்கு போன் செய்தேன். முடியவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லத்தான் செய்தேன். "மேடம், ராத்திரி மாட்டினா பயம்தான் வரும். பகல்ல மாட்டிக்கினு டிவி பாருங்க. துவரம்பருப்பு பொறுக்குங்க. மூஞ்சிக்குப் பழகணும், அப்புறம்தான் தூக்கத்துக்குப் பழகும்." மதியம் மாட்டிக்கொண்டு பருப்பு பொறுக்கினேன். அத்தை எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ரொம்பக் கஷ்டமா இருக்காட்டி?" என்றார்.

மாஸ்க்குக்குள்ளிருந்து பேச முடியாது. தலையை ஆட்டினேன்.


ஜூலை 31, வியாழன்

ஐந்தரை மணி நேரம்!!

படுத்தது 10.40. எழுந்தது 4.10. நடுவில் ஒன்றுமே இல்லை. கனவு வந்தது. கனவு வந்தே எத்தனையோ மாதமாகிறது. தூத்துக்குடியும் இல்லை பாலமும் இல்லை, காலேஜ் கேன்டீன், யாரோ எனக்குப் பப்ஸ் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

காலையில் தலைவலி இல்லை. இட்லிக்கு மாவு கரைக்கும்போது பாடிக்கொண்டிருந்தேனாம். மகிழ் சொல்லித்தான் தெரியும்.

செந்தில் பல் தேய்த்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். "நேத்து உன் சத்தமே இல்லை அபி. ஹால்ல தூக்கம் வரலை எனக்கு. ரெண்டு தடவை எந்திரிச்சு வந்து பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

"மூச்சு வருதான்னு."

வாயில் பேஸ்ட் நுரை. துப்பப் போய்விட்டார். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். அவர் திரும்பி வருவதற்குள் அத்தை காபி கேட்டார், கடைச் சாவியைக் காணோம், மகிழ் ஷூவில் ஒன்று இல்லை. ஏழு மணி. போய்விட்டார்.

நாளை சொல்ல வேண்டும். நாளை வெள்ளி, வேண்டாம். ஞாயிறு ஆடிப்பெருக்கு, கடையில் கூட்டம். திங்கள்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

இப்போது விடிகாலை 3. கண் எரிகிறது. தும்மித் தும்மி நெஞ்சு வலி.

10.30-க்கு மாஸ்க் மாட்டி ஸ்விட்ச் போட்டேன். முதல் மூச்சிலேயே மண்டைக்குள் தீ. யூகலிப்டஸ். மெஷின் ஊதுகிறது, நிறுத்தாமல் ஊதுகிறது, தொண்டை, கண், காது எல்லாம் எரிச்சல். பிடுங்கி எறிந்தேன். மகிழ் அழுகிறாள். செந்தில் ஹாலிலிருந்து ஓடிவந்தார். இருமலில் என்னால் பேச முடியவில்லை. டாங்கைக் காட்டினேன். திறந்தால் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, அடியில் இரண்டு நொச்சி இலை.

அத்தை அறை வாசலில் நிற்கிறார். "ஆவி புடிக்க மெஷினுதானல? சைனஸுக்குன்னுதான சொன்னா? வெறுந்தண்ணி ஊத்துதாளே, பொறவு எப்படிக் கேக்கும்னு... கோயில்ல இருந்து வரும்போது நொச்சி பறிச்சுட்டு வந்தேன்ல. தைலம் ரெண்டு சொட்டுதான் விட்டேன்."

"ஏம்மா, கேட்டுட்டுச் செய்யக் கூடாதா?"

"அவ கஷ்டப்படுதத பாத்துக்கிட்டு இருக்க முடியலல."

அத்தையைத் திட்ட ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. சைனஸ் என்று சொன்னது யார்? சைனஸுக்கு நொச்சியும் தைலமும் போடாமல் வேறென்ன போடுவார்கள்?

செந்தில் மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார். "அபி, இது சைனஸுக்குத்தானே?"

"ஆமாங்க."

அத்தனை இருமலிலும் இந்த ஆமாம் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.


ஆகஸ்ட் 2, சனி

நேற்று மெஷின் இல்லாமல் 3.30 முதல் 5.30. எழுந்தது கணக்கில்லை. உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

மெஷினை எடுத்துக்கொண்டு தி.நகர். அதற்குள் அத்தை நல்லது செய்வதாக நினைத்து டாங்கைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். பாத்திரக் கடைக் குடும்பம். அடித்தட்டு உலோகம் என்னவோ பளபளவென்றுதான் இருந்தது, பிளாஸ்டிக் முழுக்கக் கீறல்.

வேலு மூடியைத் திறந்து முகர்ந்தார். "இன்னா மேடம், மெஷினுக்கு ஜலதோசமா?" சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டாங்கு, குழாய், மாஸ்க் மூன்றும் புதிதாக வேண்டும். மெஷினுக்குள் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று கம்பெனியில் பார்க்க வேண்டும். புதன்கிழமை கிடைக்கும். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வேண்டும், தலையை உயர்த்தி. இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் உடனே.

"வூட்ல சொல்லிடுங்க மேடம். எனக்கு அட்வைஸ் பண்ற வேல இல்ல. ஆனா தெரியாதவங்க வூட்டுல இந்த மெஷின் தங்காது. பாத்துக்கினு கீறேன்."

திரும்பும்போது மேட்லி சுரங்கப்பாதைப் பக்கம் ஆட்டோவிலேயே தூங்கிப்போய் மந்தைவெளி தாண்டி எழுந்தேன். ஐந்தரை மணி நேரம் தூங்கிய அன்று நான் எப்படி இருந்தேன் என்பது தெரிந்த பிறகு இது இன்னும் மோசம். இத்தனை நாள் இதுதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.


ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அத்தை சித்ரான்னம் ஐந்து வகை. எலுமிச்சை, தேங்காய், புளி, எள், தயிர். தொட்டி ஓரமாக விளக்கு வைத்துக் கும்பிட்டோம். வெயில் இல்லை, நல்ல காற்று.

தான் கடைக்குக் கிளம்புமுன் வந்துவிடும்படி செந்தில் மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. மெக்கானிக் வந்து ஸ்கூட்டரை ஒரே உதையில் கிளப்பினார். "வண்டி சூப்பரா கீது சார். யாரு ஸ்டார்ட் ஆவலன்னது?"

செந்தில் படியேறி வந்தார். அத்தை, மகிழ், நான் மூன்று பேரும் ஹாலில்.

"வண்டில ஒண்ணும் இல்லையாமே."

"அப்ப ஸ்டார்ட் ஆகலை."

"மூணு வாரமாவா?"

மகிழ் கீழே இறைத்திருந்த க்ரேயான்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நாளைலேர்ந்து மகிழை வண்டிலயே கூட்டிட்டுப் போ. ஒரு தடவை சறுக்கினதுக்கு இவ்வளவு பயந்தா எப்படி அபி? நல்லாத்தானே ஓட்டுவ."

"எனக்கு உடம்பு சரியில்லைங்க."

"மூக்கடைப்புக்கும் வண்டி ஓட்டறதுக்கும் என்ன சம்பந்தம்? எதையோ மறைக்கிற நீ. அன்னைக்கு என்னதான் ஆச்சு அங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மகிழ் எழுந்து நின்றாள். கையில் க்ரேயான்.

"மணல்ப்பா. மெட்ரோ மணல். அம்மா தூங்கவே இல்லை."

இரண்டு பேரும் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று. ரைம்ஸ் ஒப்பித்துவிட்டு மிஸ்ஸைப் பார்ப்பாளே, அந்த மாதிரி.

யாரும் தூக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே வரும்போது செந்தில் கடைக்குப் போயிருந்தார். கூட்ட நாள். அத்தை தட்டில் ஐந்து சாதமும் வைத்துக் கொடுத்தார்.

ராத்திரி செந்தில் வரும்போது பதினொன்று. கால் வீங்கியிருந்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் அறைக்குள் தலையணை இரண்டு அடுக்கிச் சாய்ந்திருந்தேன். ஹாலில் அவர் புரள்வது கேட்டது.

என்னால் வாயால் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் முயற்சி செய்துவிட்டேன்.


ஆகஸ்ட் 4, திங்கள், காலை 5.00

செந்தில், இந்த நோட்டை உங்கள் டிபன் பையில் வைக்கிறேன். அட்டையில் கணக்கு என்று இருக்கும். கணக்கு இல்லை. முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். மதியம் கூட்டம் குறைந்ததும் மாடி கோடவுனில் போய் உட்கார்ந்து படியுங்கள், ஆட்கள் நடுவில் வேண்டாம்.

படித்தால் எல்லாம் தெரியும். ஆனாலும் நேராக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அன்றைக்கு மணல் இல்லை. நான் தூங்கிவிட்டேன். நம் பெண் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. அவள் உண்மையைச் சொன்னாள், நான் அவள் பொய் சொல்கிறாள் என்றேன். நேற்று எனக்காக அவள் பொய் சொன்னாள். நாலரை வயது. அதற்குமேல் என்னால் இதை வைத்துக்கொள்ள முடியவில்லை.

இது நோய். மருந்து அந்த மெஷின்தான். ஒரு ராத்திரி சரியாகத் தூங்கினேன், நீங்களே வந்து பார்த்தீர்கள். டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடமாட்டேன். மகிழை இன்றும் ஆட்டோவில்தான் கூட்டிப் போவேன். அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவரைத் திட்டாதீர்கள்.

புதன் மாலை ஐந்து மணிக்கு டாக்டர். உங்களையும் வரச் சொல்லியிருக்கிறார். வர முடியுமா?

அக்காவிடம் இதைச் சொல்வதற்கு முன்னால் என்னிடம் பேசுங்கள். மகிழைத் தூத்துக்குடிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதையும் என்னிடமே முதலில் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே எழுதுங்கள். இரண்டு வரி போதும். ராத்திரி வரை வைத்துக்கொள்ள வேண்டாம், படித்ததும் சீக்கிரம் பதில் போடுங்கள்.